குலைநோய்க்குப் பெப்டைடு: பாகூரிலிருந்து வந்த கடிதத்துக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம். புதுச்சேரியில் பாகூர் பக்கத்தில் எங்கள் கிராமம். சென்னையில் 6 வருஷம் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்கே வந்து 2 காணி நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பாவுக்கு பி.பி.டி. 5204 (சம்பா மசூரி) நெல்தான் போடுகிறோம். 2024இல் பெஞ்சல் புயல் வந்தபோது வயலில் 5 நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு இலை ஓரமெல்லாம் மஞ்சளாகிக் காய்ந்தது. கடையில் கொடுத்த ஒரு பவுடரை அடித்தோம், நிற்கவில்லை. போன சம்பாவில் வெள்ளம் இல்லை. ஆனால் கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து, பாதிக்குமேல் பதராகப் போனது. அப்பா 3 தடவை மருந்து அடித்தார். மூன்றாவது தடவை அடித்த அன்று ராத்திரி முழுக்க அவருக்குத் தலைசுற்றலும் வாந்தியும். அதிலிருந்து எனக்கு இந்த மருந்துகள்மேலேயே வெறுப்பாகிவிட்டது. ரசாயன மருந்துக்குப் பதிலாகப் பெப்டைடு வந்துவிட்டது என்று படித்தேன். கடையில் ‘பெப்டைடு’ என்று போட்ட 1 லிட்டர் பாட்டில் இருக்கிறது, எல்லா நோய்க்கும் கேட்கும் என்கிறார்கள். வாங்கலாமா? அப்பாவோ, “மருந்து அடிக்காம நெல்லு வீட்டுக்கு வராது” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

அன்புத் தம்பி,

உங்கள் கடிதத்தில் முதலில் என் மனதில் தைத்தது நெல்லும் இல்லை, பெப்டைடும் இல்லை. அப்பாவின் வாந்தியும் தலைசுற்றலும்தான். மருந்து அடித்த நாளில் இப்படி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் மருத்துவர் அதற்கேற்ற சிகிச்சையைத் தொடங்க முடியும். இனிமேல் அவர் டேங்கைத் தோளில் மாட்ட வேண்டாம். நீங்கள் மாட்டினாலும் வெறும் வயிற்றோடு வேண்டாம், எதிர்க்காற்றில் வேண்டாம். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் இல்லாமலும் வேண்டாம். வீடு திரும்பியதும் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். இதைச் சொல்லாமல் நெல்லைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இனி வயலுக்கு வருவோம். இரண்டு வருஷமும் உங்கள் வயலுக்கு வந்தது ஒரே நோய் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் பெப்டைடு பற்றிப் பேசினால் பிரயோஜனம் இருக்காது.

பெஞ்சல் 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர் வட்டாரம் முழுக்க நீருக்குள் கிடந்தது. அந்தக் காற்றில் நெல் இலைகள் ஒன்றோடொன்று உரசி, ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்திருக்கும். சாந்தோமோனஸ் என்கிற பாக்டீரியாவுக்கு அந்தக் கீறல்தான் வாசல். நின்ற தண்ணீரோடு வயலுக்கு வயல் பரவி, கீறல் வழியாக உள்ளே போய், இலையின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். ஓரத்திலிருந்து அலை அலையாக மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறத்தில் காய்ந்திருந்தால் அது பாக்டீரியா இலைக்கருகல்.

சந்தேகம் வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம். மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை ஒரு விரல் நீளம் வெட்டுங்கள். சுத்தமான தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் அதைச் செங்குத்தாக நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டிய முனையிலிருந்து சில நிமிஷத்தில் பால் கசிவது போல ஒரு வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியாதான். எத்தனையோ வயல் வரப்பில் உட்கார்ந்து இதைச் செய்து காட்டியிருக்கிறேன். அந்த இழை இறங்குவதைக் கண்ணால் பார்த்த விவசாயி, அடுத்த தடவை கடையில் கொடுக்கிற எந்தப் பவுடரையும் கேள்வி கேட்காமல் வாங்குவதில்லை.

போன சம்பாவில் வந்தது வேறு. கழுத்து கறுத்து ஒடிந்தது என்றால் அது கழுத்துக் குலைநோய், பூஞ்சாணத்தால் வருவது. (தண்டுத்துளைப்பான் தாக்கினாலும் கதிர் வெளுத்துப் போகும். ஆனால் அந்தக் கதிரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், கழுத்தில் கறுப்பு இருக்காது.) குலைநோய்ப் பூஞ்சாணம் நெல்லுக்குள் நுழைகிற விதத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். காற்றில் வந்த வித்து ஒன்று, பனி ஈரம் படிந்த இலையில் ஒட்டிக்கொள்ளும். முளைவிட்டு, நுனியில் ஒரு சிறு குமிழைக் கட்டும். அந்தக் குமிழின் சுவரில் மெலனின் என்கிற கறுப்புப் பூச்சைப் பூசி, நீரை உள்ளே இழுத்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போலக் கிட்டத்தட்ட 40 மடங்கு அழுத்தம்! அது உச்சத்துக்கு வந்ததும், ஊசி போன்ற ஒரு முளையால் இலையின் தோலைக் குத்தித் துளைத்து உள்ளே போய்விடும்.

அப்பா அடித்தது அநேகமாக ட்ரைசைக்ளசோலாக இருக்கும், நம் பக்கத்தில் குலைநோய் என்றால் அதுதான். அந்த மருந்து பூஞ்சாணத்தைக் கொல்வதில்லை, கறுப்புப் பூச்சைப் பூச விடாமல் தடுக்கிறது. பூச்சு இல்லாத குமிழ் அழுத்தத்தைத் தாங்காது, துளைக்க முடியாது. அப்படியென்றால், பூஞ்சாணம் கழுத்துக்குள் போன பிறகு அதை அடித்துப் பெரிதாக என்ன ஆகும்? கழுத்து கறுத்ததைப் பார்த்துவிட்டு அடித்த அந்த மருந்து, ஒடிந்த கதிர் எதையும் காப்பாற்றியிருக்க வாய்ப்பில்லை. அதற்காகத்தான் அப்பா ராத்திரி முழுக்கப் படாத பாடு பட்டார் என்று நினைக்கும்போது எனக்கு மனசு கனக்கிறது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், பெப்டைடுக்கும் இதே கணக்குதான். நோய் நுழைவதற்கு முன்னால் இலைமேல் இருந்தால்தான் வேலை செய்யும், நுழைந்த பிறகு துரத்தாது.

பெப்டைடு என்றால் என்ன? பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் புரதம் என்பது அமினோ அமிலங்கள் நூற்றுக்கணக்கில் கோத்த நீள மாலை. அதே மணிகளில் பத்து, இருபது, ஐம்பது மட்டும் கோத்தால் அதைப் பெப்டைடு என்கிறோம். இந்தச் சின்ன மாலைகளில் சிலவற்றுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி இருக்கிறது. இது நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. கோதுமை மாவிலிருந்து அப்படி ஒரு பொருளை 1942லேயே பிரித்தெடுத்தார்கள். உலகத்தின் கவனம் திரும்பியது 1987இல், ஒரு தவளையால். மைக்கேல் சாஸ்லாஃப் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆப்பிரிக்கத் தவளைகளுக்கு அறுவை செய்து, தைத்து, மறுபடி அழுக்குத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுக்கொண்டிருந்தார். தையல் போட்ட புண் அந்தத் தண்ணீரில் சீழ் பிடிக்காமல் ஆறியது. ஏன் என்று தேடியபோது தவளையின் தோலில் சுரக்கும் பெப்டைடு அகப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் ஸ்வீடனில் ஹன்ஸ் போமன் ஒரு பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து செக்ரோபின் என்பதை எடுத்திருந்தார். முள்ளங்கி விதை, உருளைக்கிழங்கு, தேனீயின் கொடுக்கு என்று தேடத் தேட எல்லா உயிரிலும் இது கிடைத்தது.

வேலை செய்யும் விதம் எளிது. இந்தப் பெப்டைடுகளில் பலவற்றுக்கு நேர் மின்னேற்றம். பாக்டீரியாவின் வெளிச்சவ்வு எதிர் மின்னேற்றம் கொண்டது. காந்தத்தில் இரும்புத்தூள் போலப் போய் ஒட்டி, சவ்வுக்குள் சொருகி, ஓட்டை போட்டுவிடும். கோணி ஊசியால் குத்திய நெல் மூட்டை மாதிரி உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிக் கிருமி சாகும். ஒரே ஒரு நொதியைக் குறிவைக்கும் ரசாயன மருந்துக்கு எதிராகக் கிருமி சீக்கிரம் தப்பிக்கக் கற்றுக்கொள்கிறது. சவ்வையே மாற்றிக்கொள்வது அத்தனை சுலபம் இல்லை. முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாளாகும். வேலை முடிந்ததும் மண்ணில் சிதைந்து மறுபடி அமினோ அமிலமாகவே போய்விடும், எச்சம் தேங்காது. ஆராய்ச்சியாளர்கள் இதன்மேல் உயிரை வைத்திருப்பதற்கு இவைதான் காரணம்.

இன்னொரு வகையும் உண்டு. அது கிருமியைத் தொடாது, பயிரை உசுப்பிவிடும். பாக்டீரியா நீந்தும் வாலில் உள்ள 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை மட்டும் செடிக்குக் காட்டினால் போதும், ‘எதிரி வந்துவிட்டான்’ என்று செடி தன் கதவுகளைச் சாத்தத் தொடங்கிவிடுகிறது. தக்காளியில் 1991இல் கண்டுபிடித்த சிஸ்டமின் 18 அமினோ அமிலப் பெப்டைடு. ஒரு இலையைப் புழு கடித்தால் மற்ற இலைகளையும் தயாராக்கும் செய்தி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

வெளிநாட்டில் இது பரிசோதனைக் குழாயைத் தாண்டி வந்துவிட்டது என்பதும் உண்மை. இனிப்பு லூபின் என்கிற பயறு முளைக்கும்போது உண்டாகும் ஒரு புரதத் துண்டு, சாம்பல் நோய்க்கும் திராட்சை அழுகலுக்கும் அமெரிக்காவில் பதிவாகி விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் விரல் எலுமிச்சையிலிருந்து 67 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடை கலிஃபோர்னியாவில் ஹெய்லிங் ஜின் குழு எடுத்திருக்கிறது. உலகமெங்கும் ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் பசுமையாதல் நோய்க் கிருமியை அது கொல்கிறது, வெயில் சூட்டையும் தாங்குகிறது. ஸ்பெயினில் ஹிரோனா பல்கலைக்கழகத்தார் அந்துப்பூச்சிப் பெப்டைடையும் தேனீ விஷப் பெப்டைடையும் ஒட்டுப்போட்டு, 11 அமினோ அமிலங்களில் ஒன்றைச் செய்திருக்கிறார்கள். சிலந்தி விஷத்திலிருந்து வந்த பெப்டைடு மருந்து என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால், அது புழு பூச்சிக்கு. நோய்க்கு இல்லை.

அப்படியானால் நம் வயலுக்கு ஏன் இன்னும் வரவில்லை? விலை முதல் காரணம். அமினோ அமிலத்தை ஒவ்வொன்றாகக் கோத்துத் தொழிற்சாலையில் செய்வது மனிதருக்கான ஊசி மருந்துக்குக் கட்டுப்படியாகும், 2 காணி நெல்லுக்குக் கட்டாது. ஈஸ்ட்டில் வளர்த்து மலிவாக்கப் பார்க்கிறார்கள். இரண்டாவது, வெயில். நம் கடலோர வெயிலில் புற ஊதாக் கதிர் பட்டுச் சிதையும். இலைமேல் வாழும் சாதாரண நுண்ணுயிர்களே தம் நொதியால் அதைத் துண்டு போட்டுத் தின்றுவிடும். வடகிழக்குப் பருவமழை ஒரு பாட்டம் பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். எச்சம் தேங்காது என்று சற்று முன் புகழ்ந்த அதே குணம்தான் இங்கே இடைஞ்சலாக வந்து நிற்கிறது.

ஆனால் தம்பி, நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெப்டைடை மலிவாகச் செய்து, மழைக்குப் பிறகும் மறுபடி சுரக்கும் தொழிற்சாலை ஏற்கெனவே நம்மிடம் உண்டு. பேசிலஸ் சப்டிலிஸ் என்று பொட்டலத்தில் விற்கிறார்களே, அந்த பாக்டீரியாதான். சர்ஃபாக்டின், இட்யூரின், ஃபெஞ்சைசின் என்று மூன்று குடும்பப் பெப்டைடுகளை அது சுரக்கிறது. முதல் இரண்டிலும் 7 அமினோ அமிலங்கள், ஃபெஞ்சைசினில் 10. வளையமாகக் கட்டி, பின்னால் ஒரு கொழுப்பு வாலும் இருக்கும். இட்யூரினும் ஃபெஞ்சைசினும் பூஞ்சாணத்தின் சவ்வை ஓட்டை போடும். சர்ஃபாக்டின் இலையில் படலமாகப் படிய உதவும், செடியின் எதிர்ப்பையும் தூண்டும். 1968இல் ஜப்பானில் சர்ஃபாக்டினைக் கண்டுபிடித்தார்கள். நம் விவசாயிகள் பெயர் தெரியாமலே இதை வயலில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதே மாதிரி பொட்டலத்தில் வரும் இன்னொரு பாக்டீரியாவான சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் இனங்களிலும் இப்படிக் கொழுப்பு வால் பெப்டைடு சுரப்பவை உண்டு, கூடவே வேறு நோய்க்கொல்லிகளும் சுரக்கும். உங்கள் கேள்விக்கு என் நேரான பதில் இதுதான்: பெப்டைடு வேண்டுமென்றால் அந்த பாட்டிலை விடுங்கள், இந்தப் பொட்டலத்தை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள்.

அந்த பாட்டிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடைக்குப் போய் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். நம் நாட்டில் பயிர் நோயைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி எதை விற்றாலும், அது உயிரி மருந்தாகவே இருந்தாலும், 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் மத்தியப் பதிவுக் குழுவில் பதிவாகியிருக்க வேண்டும். சி.ஐ.ஆர். என்று தொடங்கும் பதிவு எண், எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, என்ன அளவு, தயாரித்த நாள், காலாவதி நாள் எல்லாம் அதில் இருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் ‘அமினோ’, ‘பெப்டைடு’, ‘புரதச் சத்து’ என்று மட்டும் போட்டிருந்தால், அது அநேகமாக மீன் கழிவையோ சோயாவையோ கரைத்து எடுத்த ஊக்கியாக இருக்கும். புரதத்தை உடைத்தால் வருவது பெப்டைடுதான், ஆகையால் லேபிளில் அந்தச் சொல்லைப் போடுவது பொய் இல்லை. ஆனால் கிருமியைக் கொல்லும் பெப்டைடும் அதுவும் ஒன்றல்ல. ஊக்கிகளுக்கென்று 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் தனி விதி சேர்த்திருக்கிறார்கள். அந்த விதிப்படி பயிர் வளர்ச்சிக்கு அவை உதவலாம். குலைநோய்க்குக் கேட்கும் என்று அதைக் கையில் கொடுப்பது தவறு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ‘குலைநோய்க்கு’ என்று எழுதி பில் கேளுங்கள். அப்படி எழுதித் தர மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

பெப்டைடு என்றால் இயற்கை, இயற்கை என்றால் தீங்கில்லை என்ற நினைப்பும் வேண்டாம். தேனீ கொட்டினால் எரிகிறதே, அது 26 அமினோ அமிலங்கள் கொண்ட மெலிட்டின் என்கிற பெப்டைடு. மனிதருக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகப் போடும் கொலிஸ்டின் ஊசியும் பெப்டைடுதான். அதைக் கோழித் தீவனத்தில் கலந்து கலந்து கிருமிகள் பழகிப்போக, 2019இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. எனவே வயலுக்கு வரும் ஒவ்வொரு பெப்டைடையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் விட வேண்டும், விடுவார்கள் என்றும் நம்புகிறேன்.

இங்கே என் பழைய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு கடையில் கொடுத்த பவுடரின் பெயரை நீங்கள் எழுதவில்லை. இலைக்கருகலுக்குக் கடைகளில் காலங்காலமாகக் கொடுத்து வந்தது ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடி. வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷங்கள் நானும் அதைத் தாராளமாக எழுதிக் கொடுத்தேன். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்காரருக்குப் போடும் ஊசி என்பது எனக்குத் தெரியாததில்லை. வயலில் தெளித்தது வாய்க்காலுக்கும் ஏரிக்கும் போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்களைப் பழக்கும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. அதை விவசாயத்திலிருந்து விலக்கும் முடிவை ஒன்றிய அரசு 2021இல் எடுத்தது. இன்றைக்கு யார் அதை நீட்டினாலும் வாங்காதீர்கள்.

இலைக்கருகலுக்கு நான் மிகவும் நம்புவது பொட்டலத்தையும் இல்லை, விதையைத்தான். அதிலும் ஒரு பெப்டைடு கதை ஒளிந்திருக்கிறது. மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்றில் இருந்த எக்ஸ்.ஏ. 21 என்ற மரபணு, சாந்தோமோனஸ் பாக்டீரியாவைக் கண்டுபிடித்துப் பயிரை உஷார்ப்படுத்தும் என்பது 1995லேயே தெரியும். எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது என்பது 2015இல்தான் புரிந்தது: பாக்டீரியா வெளியே விடும் ஒரு சின்னப் பெப்டைடை வைத்து! அந்த மரபணுவையும் வேறு இரண்டையும், நீங்கள் போடும் அதே பி.பி.டி. 5204இல் வழக்கமான கலப்பு முறையிலேயே சேர்த்து, ஐதராபாத்தில் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ‘மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி’யை உருவாக்கின. 2008இல் வெளியானது. அரிசி அதே சன்னம், அதே ருசி. வெள்ளம் வந்து போகும் பாகூருக்கு இலைக்கருகலைத் தாங்கும் ரகம் பொருத்தம் என்பது என் எண்ணம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், இது குலைநோயைத் தாங்காது. விதை கிடைக்குமா என்று உங்கள் ஊர் உழவர் உதவியகத்திலும் குருமாம்பேட்டில் இருக்கும் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆடி மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள்.

வரும் சம்பாவுக்கு என்ன செய்வது? சூடோமோனாஸ் பொட்டலத்தை வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். உயிருள்ள பொருள் அது, மாதங்கள் போகப் போக உயிர் குறையும். கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, விதையை ராத்திரி ஊற வையுங்கள். காலையில் வடித்து முளைகட்டி விதையுங்கள். நாற்றுப் பறித்ததும், உங்கள் 2 காணிக்கு 2.5 கிலோவைத் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை அரை மணி நேரம் அதில் நிறுத்தி வைத்து நடுங்கள். நாற்று உயரமாக இருக்கிறதென்று நுனியைக் கிள்ளி நடுகிற பழக்கம் உங்கள் பக்கத்தில் உண்டு. அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், கிள்ளிய ஒவ்வொரு நுனியும் இலைக்கருகல் பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல். நட்ட 30ஆம் நாள் இன்னொரு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய எருவில் கலந்து தூவுங்கள். அதற்குப் பிறகு பேசிலஸ் அல்லது சூடோமோனாஸைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி 10 நாளுக்கு ஒரு தடவை, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். முதல் நாள் வேறு மருந்து அடித்த டேங்கை நன்றாகக் கழுவாமல் இதை ஊற்றினால், பொட்டலத்தில் உள்ள உயிர் டேங்கிலேயே செத்துப்போகும். தாமிர மருந்தோடு கலக்கவே கூடாது.

யூரியாவைப் பற்றி அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். பயிர் கருகருவென்று இருந்தால்தான் நமக்கு மனசு நிறையும். குலைநோய்ப் பூஞ்சாணத்துக்கும் அந்தக் கருகருப்புதான் பிடிக்கும். ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். கதிர் தொண்டைக்கு வந்த பிறகு யூரியா வேண்டாம். இலைக்கருகல் தலைகாட்டினால் பசுஞ்சாணத்தைக் கரைத்து வடிகட்டிய 20 சதக் கரைசலை 15 நாள் இடைவெளியில் இரண்டு தடவை தெளிக்கலாம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும், கதிர் தொண்டையில் இருக்கும்போது மார்கழிப் பனி விடாமல் இறங்கி, வானம் மூடிக்கிடந்து, இலையில் கண் வடிவப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போனால்? அப்போது அப்பா சொல்வதைக் கேளுங்கள். ட்ரைசைக்ளசோலை லேபிள் அளவுக்குமேல் போகாமல், ஒரே ஒரு தடவை, கதிர் வெளியே வரும் முன் அடியுங்கள். இதை எழுத எனக்கு ஆசை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் இந்த மருந்தின் எச்சத்துக்கு இருந்த வரம்பைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01க்குக் குறைத்து, நம் பாஸ்மதி ஏற்றுமதியாளர்கள் தடுமாறியதும் எனக்குத் தெரியும். ஆனாலும், சரியான நாளில் அடித்த ஒரு தடவை, காலம் கடந்து அடிக்கும் மூன்று தடவையைத் தவிர்க்கும். ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாட்டைப் பணயம் வைத்துக் கொள்கையைக் காப்பாற்றச் சொல்ல என்னால் முடியாது. அறுவடைக்கு முன் விட வேண்டிய நாள் கணக்கு லேபிளில் இருக்கும், அதை மீறாதீர்கள்.

அப்பாவும் நீங்களும் வாதாடித் தீர்க்கிற விஷயமும் இல்லை இது. உங்கள் 2 காணியில், அதாவது 200 குழியில், 20 குழியை வரப்பு போட்டுத் தனியாகப் பிரியுங்கள். தலைமடையும் கடைமடையும் இல்லாமல் நடுவில் இருக்கட்டும். அந்த 20 குழியில் பொட்டலம் மட்டும், ரசாயன மருந்து வேண்டாம். மீதி 180 குழியில் விதைநேர்த்தியிலிருந்து எல்லாம் அப்படியே, தேவைப்பட்டால் அந்த ஒரு தடவை மருந்தும். கதிர் பால் பிடித்து முற்றும்போது இரண்டு பக்கத்திலும் 5 இடத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் 20 குத்துகளில் மொத்தக் கதிர் எத்தனை, கழுத்து கறுத்தது எத்தனை என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்பாவையே எண்ணச் சொல்லுங்கள். கதிரடித்த நெல்லையும் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள்.

நடுவில் இலையிலோ கழுத்திலோ ஏதாவது மாறுதல் தெரிந்தால், பாதிக்கப்பட்ட இலை பத்தும் நல்ல இலை பத்தும் வேரோடு ஒரு குத்தும் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் சுற்றி அன்றைக்கே குருமாம்பேட்டுக்குக் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் புழுங்கி அழுகி, எந்த நோய் என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும். நோட்டையும் எடுத்துப் போக மறக்காதீர்கள்.